பக்கத்து மனையில் என்ன வரும்?

காலியாகக் கிடக்கும் பக்கத்து மனைக்கு ஒரு நாள் துளையிடும் இயந்திரம் வருகிறது. லாரியில் ஏற்றிவந்த சிறிய இயந்திரம்தான். நான்கைந்து இடங்களில் ஆழமாகத் துளை போட்டு, கிடைத்த மண்ணையும் பாறைத் துண்டுகளையும் நீளமான பெட்டிகளில் ஆழ வரிசைப்படி அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு பல மாதம் அங்கே எந்த அசைவும் இல்லை. துபாயிலோ அபுதாபியிலோ வங்கிக் கடன் போட்டு வில்லா வாங்கிய குடும்பம் அதை மறந்தே போகிறது. அப்புறம் திடீரென்று தகர வேலி எழும்புகிறது. முகப்பில் ஒரு பலகை: மனை எண், ஆலோசகர் பெயர், ஒப்பந்ததாரர் பெயர், அனுமதி எண், அதன் கீழே ‘ஜி பிளஸ் 8’, அதாவது தரைத்தளமும் அதற்குமேல் எட்டு மாடியும். அந்த இடத்தில் இரண்டு மாடி வில்லாக்கள்தான் வரும் என்றார்களே, இதை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விகள் அன்றைக்குத்தான் பிறக்கின்றன.

அன்றைக்கு அவை காலம் கடந்த கேள்விகள். மண் பரிசோதனைக்கு ஆள் வரும்போதே பெரும்பாலும் அந்த மனையின் பயன்பாடு முடிவாகியிருக்கும். வேலி எழும்பும்போது கட்டட அனுமதி கையில் இருக்கும். வளைகுடா நாடுகளில் பக்கத்து மனையைப் பற்றிய பேரம் வீடு வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டியது. வாங்கிய பிறகும் வழிகள் உண்டு. ஆனால் அவை நமக்கு ஊரில் பழகிய வழிகள் அல்ல.

ஊரில் பழகிய வழி எது? சென்னையில் ஒரு குடியிருப்பு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின்படி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வரும். கிராமப் பெயர், சர்வே எண், எந்தப் பயன்பாட்டிலிருந்து எந்தப் பயன்பாட்டுக்கு மாற்றம் என்ற விவரம் அதில் இருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுதித் தரலாம். அறிவிப்பு பொடி எழுத்தில் வருகிறது, பலர் கண்ணில் படுவதில்லை, ஆட்சேபங்கள் எந்த அளவுக்கு மதிக்கப்படுகின்றன என்பதும் வேறு விவகாரம். ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கதவு மூடினால் நீதிமன்றம் இருக்கிறது. பெங்களூரில் ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1991-ல் தீர்ப்பு வந்தது. பூங்கா இடத்தை மாற்றியது செல்லாது, அதை எதிர்த்து வழக்காட அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கு இன்றும் இந்திய நகரங்களில் பூங்காவைக் காப்பாற்றப் போராடுகிறவர்களுக்குக் கைவிளக்கு.

இந்த அனுபவத்தோடு வளைகுடாவுக்குப் போகிறவர் அங்கேயும் நாளிதழ் அறிவிப்பையும் பொது விசாரணையையும் எதிர்பார்க்கிறார். ஆனால் அமீரகத்தில் பக்கத்து மனையின் பயன்பாடு மாறும்போது அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது வழக்கமான நடைமுறை அல்ல. அங்கே நில வகைப்பாடு என்பது அரசுக்கும் மனை உரிமையாளருக்கும் இடையிலான விவகாரம். பெருந்திட்டக் குடியிருப்புகளில் இடையில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார்: அந்தப் பகுதி முழுவதையும் உருவாக்கிய மாஸ்டர் டெவலப்பர்.

இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு நில வரலாறு பதில் சொல்லும். துபாயின் முதல் நகரத் திட்டத்தை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாரிஸ் வரைந்தது 1960-ல். துபாய் நிலத்துறை தொடங்கியதும் அதே ஆண்டு. குவைத் அதற்கு முன்பே, 1952-ல், ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தைக் கொண்டு பெருந்திட்டம் போட்டுவிட்டது. பாலைவன நிலத்தின் பெரும்பகுதி ஆட்சியாளருடையது. அதிலிருந்து குடிமக்களுக்கு மனைகள் வழங்கப்பட்டன. வரைபடம் மேலிருந்து வந்தது. வெளிநாட்டவருக்குச் சொத்துரிமை மிகச் சமீபத்திய சங்கதி. துபாயில் 2002-ல் அறிவிப்பாக வந்து, 2006-ம் ஆண்டின் 7-ம் எண் சட்டத்தில் உறுதியானது. அந்தச் சட்டப்படி அமீரகக் குடிமக்களும் வளைகுடாக் கூட்டமைப்பு நாட்டவரும் எங்கும் வாங்கலாம். மற்றவர்கள் ஆட்சியாளர் குறித்துக் கொடுத்த பகுதிகளில் மட்டும். ஆக, நம்மவர் வாங்குவது பெரும்பாலும் ஏதோ ஒரு டெவலப்பர் முழுசாக வரைந்து, துண்டு போட்டு, தன் விதிகளோடு விற்ற பகுதியில்தான். அங்கே உங்கள் உரிமையின் எல்லையைச் சட்டப் புத்தகம் பாதி தீர்மானிக்கிறது. மீதியை நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

துபாயில் எந்த மனைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தேரா, கராமா, ஜுமேரா போன்ற பழைய பகுதிகள் துபாய் முனிசிபாலிட்டியின் கையில், நம்மவர் வாயில் ‘பலதியா’. பல சிறப்பு வளர்ச்சி மண்டலங்கள் துபாய் டெவலப்மெண்ட் அத்தாரிட்டியின் கையில். பாம் ஜுமேரா போன்றவை ட்ரக்கீஸ் என்ற அமைப்பின் கீழ். 2023-ம் ஆண்டின் 16-ம் எண் சட்டம் எமிரேட் முழுமைக்கும் ஒரே நகரமைப்புச் சட்டகத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் விண்ணப்பம் போகும் கவுண்டர் பகுதிக்குப் பகுதி வேறுதான். அபுதாபியில் 2007-ல் தொடங்கிய நகரத் திட்டக் குழு இன்று தனி அமைப்பாக இல்லை. அதன் வேலை நகராட்சிகள் மற்றும் போக்குவரத்துத் துறைக்குப் போய்விட்டது, சேவைகள் தம் என்ற இணையத் தளத்தில் கிடைக்கின்றன. தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மனை எண்ணைச் சொல்லி, ‘இதற்குக் கட்டட அனுமதி தருவது யார்?’ என்று கேட்டுத் தெளிவதே முதல் வேலை.

‘மாற்றம்’ என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று உடைமை மாற்றம். 2025 ஜனவரியில் துபாய் நிலத்துறை ஷேக் சாயித் சாலையின் ஒரு பகுதியிலும் அல் ஜத்தாஃபிலும் 457 மனைகளைக் கட்டணம் கட்டி ஃப்ரீஹோல்டாக, அதாவது எந்த நாட்டவரும் வாங்கக்கூடிய முழு உடைமையாக, மாற்றிக்கொள்ள வழிவிட்டது. அதனால் மட்டும் அங்கே கட்டடத்தின் பயன்பாடு மாறிவிடாது. ஆனால் யார் வாங்கலாம் என்பது மாறுவதால், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ஆர்வம் கூடும். இரண்டாவது பயன்பாட்டு மாற்றம்: வீடு கிளினிக் ஆவது, வில்லா நர்சரிப் பள்ளி ஆவது, குடியிருப்பு மனையில் கடைவீதி வருவது. ஜுமேரா பீச் சாலையிலும் அல் வஸ்ல் சாலையிலும் பழைய வில்லாக்கள் அழகு நிலையமாகவும் பல் மருத்துவமனையாகவும் நிற்பதை யாரும் பார்க்கலாம். மூன்றாவது அடர்த்தி மாற்றம்: பயன்பாடு குடியிருப்பாகவே இருக்கும், ஆனால் மொத்தத் தரைப்பரப்பும் மாடி எண்ணிக்கையும் கூடும். நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்கிற தரைப்பரப்புக் குறியீட்டைக் கூட்டி வாங்குவது போன்றது. வீட்டுக்காரரை மிகவும் பாதிப்பது இந்த மூன்றாவதுதான், வெளியே தெரியாமல் நடப்பதும் இதுதான். வண்ண வரைபடத்தில் அந்த மனை முன்பும் குடியிருப்புக்கான மஞ்சள், இப்போதும் மஞ்சள். மாடி மட்டும் இரண்டிலிருந்து எட்டாகியிருக்கும்.

காலி மனை இத்தனை காலம் ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்பதும் பயனுள்ள கேள்வி. 2008 அக்டோபரில் சிட்டிஸ்கேப் என்ற வீட்டுமனைக் கண்காட்சியில் மெராஸ் நிறுவனம் ஜுமேரா கார்டன்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தது. மதிப்பு 350 பில்லியன் திர்ஹாம். இடம் சத்வா: தையல்காரர்களும் மெஸ் நடத்துகிறவர்களும் மலையாளி, தமிழ், பிலிப்பினோத் தொழிலாளர்களும் நெருக்கி வாழ்ந்த தாழ்வான வீடுகளின் பகுதி. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள், ஒரு பகுதி இடிபட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் உலக நிதி நெருக்கடி வந்து திட்டம் நின்றது. இடித்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் மணல் திடலாகக் கிடந்தன. இப்போது அங்கே முதலில் அறிவித்த வானளாவிகளுக்குப் பதில் நடுத்தர உயரக் குடியிருப்புகள் எழுகின்றன. ஒரே நிலம், 20 ஆண்டுக்குள் மூன்று கதி. துபாயில் காலி மனை என்பது பல நேரம் இப்படி நின்றுபோன பழைய திட்டத்தின் மிச்சம். பொருளாதாரம் எழும்போது அதுவும் எழும், பழைய வரைபடப்படி அல்ல, அன்றைய சந்தைக்கு ஏற்ற வரைபடப்படி. 2021-ல் வெளியான துபாய் 2040 பெருந்திட்டம் மக்கள்தொகை 33 லட்சத்திலிருந்து 58 லட்சமாகும் என்று கணக்குப் போடுகிறது. அத்தனை பேரும் பாலைவனத்தின் விளிம்பில் குடியேறப் போவதில்லை. நகருக்குள் காலியாக இருக்கும் இடங்களில் ஒரு பகுதி நிரம்பித்தான் ஆக வேண்டும்.

சவுதி அரேபியாவில் காலி நகர மனைகளுக்கு ‘வெள்ளை நிலம்’ என்று பெயர். 2015-ல் வந்த ஆணையின்படி அவற்றுக்கு மதிப்பில் ஆண்டுக்கு 2.5 சதவீதக் கட்டணம். 2025-ல் உச்சவரம்பு 10 சதவீதமாக உயர்ந்தது. சும்மா வைத்திருந்தால் செலவு என்றாக்கிவிட்டார்கள். ரியாத்தில் உங்கள் பக்கத்து மனை நெடுநாள் வெறுமனே கிடக்கும் என்று இனி நினைக்க முடியாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய தாள்

நம்மவர் ஊரில் மனை வாங்கும்போது பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். அதே ஆள் துபாயில் 20 லட்சம் திர்ஹாம் கொடுத்து, கோல்டன் விசாத் தகுதியும் சேர்த்து, வீடு வாங்கும்போது தன் வீட்டின் காகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறார். அங்கே மனைக்கு ஜாதகம் அஃபெக்‌ஷன் பிளான் என்கிற சைட் பிளான். அபுதாபி, ஷார்ஜா, ஓமன் பக்கம் ‘க்ரோக்கி’. மனை எண், பரப்பு, எல்லை, அனுமதித்த பயன்பாடு, மொத்தத் தரைப்பரப்பு, அதிகபட்ச உயரம், நான்கு பக்கமும் விட வேண்டிய திறவிடம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். ஓமன் க்ரோக்கியில் ‘குடியிருப்பு’ என்றிருக்கிறதா, ‘குடியிருப்பு-வணிகம்’ என்றிருக்கிறதா என்ற ஒற்றைச் சொல்லில் தெருவின் எதிர்காலம் அடங்கியிருக்கும்.

பக்கத்து மனையின் தாளை அதன் உரிமையாளர் அல்லாதவருக்கு அலுவலகம் லேசில் தராது. ஆனாலும் தகவல் கிடைக்க வழி இருக்கிறது. மனை விற்பனைக்கு இருந்தாலோ எப்போதாவது இருந்திருந்தாலோ பயூத், டுபிசில், பிராப்பர்ட்டி ஃபைண்டர் போன்ற தளங்களில் விளம்பரம் வந்திருக்கும். மனை விளம்பரத்தில் விற்பவர் பெருமையாகப் போடுவதே அனுமதித்த மாடியும் தரைப்பரப்பும்தான். உங்களுக்கு வீடு விற்கும் தரகரிடம் அந்த மனையை வாங்க விரும்புகிறவரைப் போல ஒரு நண்பரை விசாரிக்கச் சொன்னாலும் பதில் வந்துவிடும். ‘முன்னாடி ஒண்ணும் வராதுங்க சார், ஃபுல் ஓப்பன் வியூ’ என்று வாங்குகிறவரிடம் சொன்ன அதே வாய், மனையை விற்கும்போது ‘ஜி பிளஸ் 8 அப்ரூவல் இருக்கு’ என்று சொல்லும். இது தவிர, மாஸ்டர் டெவலப்பரின் சமூக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எல்லையைத் தொடும் ஒவ்வொரு மனை எண்ணுக்கும் தற்போதைய பயன்பாடும் உயரமும் என்ன என்று கேட்கலாம். பதில் வந்தால் அது ஆவணம். பதிலே தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

விளம்பரச் சிற்றேட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நீல ஏரி, பச்சைப் பூங்கா, வரிசையாக வில்லாக்கள். ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் வெளிறிய பழுப்பு நிறத்திலோ இளம்பச்சையிலோ இருக்கும். அதன்மேல் சிறிய எழுத்தில் ‘எதிர்கால மேம்பாடு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். சில நேரம் அதுவும் இருக்காது. பக்கத்தின் அடியில் இன்னும் சிறிய எழுத்தில், படங்கள் கலைஞரின் கற்பனை, திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது என்ற வாசகம். அடுத்து ஒப்பந்தத்தில், வாங்குபவரின் ஒப்புதல் இல்லாமல் பெருந்திட்டத்தை மாற்றும் உரிமையை டெவலப்பர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஷரத்து. அதற்கும் பின்னால் அந்தப் பகுதியின் பொது விதிகளைச் சொல்லும் மாஸ்டர் கம்யூனிட்டி டிக்ளரேஷன் என்ற தடித்த ஆவணம். பெரும்பாலோர் முதல் பக்கத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்து மனையைப் பற்றிய சண்டையில் பாதி அந்தக் கையெழுத்திலேயே தோற்றுப்போகிறது.

அந்த ஷரத்தை நீக்கச் சொன்னால் பெரிய டெவலப்பர் நீக்கமாட்டார். ஆனால் முன்பணம் கட்டும் முன் இரண்டு காரியம் செய்யலாம். பக்கத்து மனையின் பயன்பாடு, உயரம் குறித்து விற்பனையாளர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரிதானே?’ என்று கேட்டுப் பதில் வாங்கலாம். ‘பார்க் வியூ’, ‘லகூன் வியூ’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தக் கூடுதல் விலை எதற்கு என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதித் தரச் சொல்லலாம். கட்டி முடியாத வீடானால், டெவலப்பர் ஒப்புக்கொண்ட விவரக்குறிப்புகளைக் கணிசமாக மாற்றும்போது வாங்கியவர் நீதிமன்றம் போய் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க துபாயின் 2010-ம் ஆண்டு 6-ம் எண் நிர்வாகக் குழுத் தீர்மானம் இடம் தருகிறது. ஆனால் அந்த விவரக்குறிப்பு காகிதத்தில் இருக்க வேண்டும். கடல் பார்த்த வீடு என்பதும் அப்படித்தான். துபாயில் ஜுமேரா பீச் ரெசிடென்ஸ் (ஜே.பி.ஆர்.) கோபுரங்கள் எழுந்தபோது எதிரே வெறும் கடற்கரையும் கடலும். சில ஆண்டுகளில் மணலில் ‘தி பீச்’ கடைவளாகம் வந்தது. பிறகு கடலிலேயே புளூவாட்டர்ஸ் என்ற செயற்கைத் தீவு எழுந்தது; அதை 2018-ல் திறந்தார்கள்.

வாங்கியாகிவிட்டது, வேலி எழும்புகிறது

இனி என்ன? திட்டத்தை நிறுத்துவது என்ற இலக்கைக் கைவிட்டு, திட்டத்தால் வரும் கேட்டைக் குறைப்பது என்ற இலக்குக்கு மாறுவதே உசிதம். இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வளைகுடாவின் சட்ட மரபில் முதல் இலக்குக்கு ஆதரவு குறைவு, இரண்டாவது இலக்குக்கு ஆதரவு வியக்கத்தக்க அளவு அதிகம்.

உஸ்மானியப் பேரரசு 1869-க்கும் 1876-க்கும் இடையே இஸ்லாமியச் சிவில் சட்டத்தைத் தொகுத்து மஜல்லா என்ற நூலாக வெளியிட்டது. குவைத்தில் 1980-ல் புதிய சிவில் சட்டம் வரும்வரை இதுதான் அங்கே சட்டம். அண்டை வீட்டார் உறவுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அண்டை வீட்டுக்காரர் கட்டுவதால் உனக்குக் காற்று குறைந்தாலோ காட்சி மறைந்தாலோ வெயில் விழாமல் போனாலோ அது ‘மிகைக் கேடு’ ஆகாது. ஆனால் அறைக்கு வெளிச்சமே வராதபடி முழுசாக அடைத்துவிட்டால் அது மிகைக் கேடு, அதை நீக்கச் சொல்லலாம். அதே போல, பெண்கள் புழங்கும் இடங்களான சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகியவற்றை நேராகப் பார்க்கும் சன்னலும் மிகைக் கேடுதான். மறைப்புக் கட்டும்படி கேட்கலாம். காட்சிக்கு உரிமை இல்லை, வெளிச்சத்துக்கும் அந்தரங்கத்துக்கும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய இந்தப் பாகுபாடு இன்று துபாய் வில்லாக்காரருக்கு அப்படியே உதவுகிறது.

அமீரகம் 1985-ல் கொண்டுவந்த சிவில் பரிவர்த்தனைச் சட்டமும் இந்த மரபிலேயே நின்றது. அண்டை வீட்டுக்கு வெளிச்சத்தை அடைப்பது பெருங்கேடு என்றது. பக்கத்தில் வாழ்வதால் வரும் வழக்கமான தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வழக்கத்தை மீறிய கேட்டை நீக்கக் கோரலாம். அரசு அனுமதி வாங்கித்தான் கட்டுகிறோம் என்பது அந்தக் கோரிக்கைக்குத் தடை ஆகாது என்றும் சொன்னது. எகிப்தின் 1948-ம் ஆண்டுச் சிவில் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது. இந்தக் கடைசி வாசகம் மிக முக்கியம். முனிசிபாலிட்டி அனுமதி கொடுத்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்று கட்டுகிறவர் சொல்வது முழு உண்மை அல்ல. அனுமதி என்பது அரசுக்கும் அவருக்கும் இடையே. கேடு என்பது அவருக்கும் உங்களுக்கும் இடையே. சட்டங்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படும் நாடு அது, ஆகவே நடப்பு வாசகத்தை உள்ளூர் வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொண்டு பேச வேண்டும்.

ஆக, எழுதும் கடிதத்தில் ‘எங்கள் வியூ போயிற்று’ என்று தொடங்கினால் அது குப்பைக்குப் போகும். மேல்மாடிச் சன்னல்கள் எங்கள் முற்றத்தையும் நீச்சல் குளத்தையும் நேராகப் பார்க்கின்றன, ஊடுருவிப் பார்க்க முடியாத மங்கல் கண்ணாடியோ உயர்த்திய சன்னல் விளிம்போ வேண்டும் என்று வரைபடத்தோடு எழுதினால் வளைகுடாவில் எந்த அதிகாரிக்கும் புரியும். வாகன நுழைவாயில் குறுகிய உள்தெருவில் வருகிறது, அதைப் பெரிய சாலைப் பக்கம் மாற்றுங்கள் என்று கேட்கலாம். துபாயில் பெரிய கட்டடங்களுக்குச் சாலைப் போக்குவரத்து ஆணையம் போக்குவரத்துத் தாக்க ஆய்வு கேட்கும். அந்த ஆய்வு நடக்கும்போதே உங்கள் தெருவின் காலை நேர நெரிசலைப் படமும் நேரமும் சேர்த்து ஆணையத்துக்கு அனுப்புவது, அனுமதி வந்தபின் நூறு கடிதம் எழுதுவதைவிடப் பயன் தரும். குப்பைத் தொட்டி அறை, ஜெனரேட்டர், குளிரூட்டி இயந்திரங்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்பதும் கேட்டு மாற்றக்கூடியவையே.

கடிதம் யார் பெயரில் போக வேண்டும்? அடுக்குமாடியோ கூட்டு உடைமைப் பகுதியோ ஆனால், துபாயின் 2019-ம் ஆண்டு 6-ம் எண் சட்டப்படி அமைந்த உரிமையாளர் குழு இருக்கும். அதிகபட்சம் 9 பேர். அதன் வேலை பெரும்பாலும் பராமரிப்பு மேற்பார்வைதான், பக்கத்து மனை மேல் அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் குழு வழியாகப் போகும் கடிதத்துக்கு டெவலப்பர் பதில் எழுதுகிறார். அதோடு பாதிக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் மனை எண்ணோடு தனிக் கடிதம் போட வேண்டும். எதிர்த் தரப்பு துபாய் அரசுத் துறை என்றால் நேராக வழக்குப் போட முடியாது. 1996-ம் ஆண்டின் 3-ம் எண் சட்டப்படி முதலில் அரசின் சட்ட விவகாரத் துறையிடம் கோரிக்கையைக் கொடுத்து, சமரசத்துக்கான காலம் முடிந்த பிறகே நீதிமன்றம்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் வாட்ஸ்அப் குழுவில் டெவலப்பரைத் திட்டுவது, முகநூலில் ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று பெயர் போட்டு எழுதுவது, வேலிக்கு முன் கூடி நிற்பது எதையும் அங்கே செய்யக் கூடாது. அமீரகத்தின் 2021-ம் ஆண்டு 34-ம் எண் இணையக் குற்றச் சட்டப்படி அவதூறு குற்றவியல் விவகாரம். அபராதத்தோடு போகாமல் விசாவையும் வேலையையும் பதம் பார்க்கும். வழக்கறிஞர் செலவுக்காகப் பொதுவில் நிதி திரட்டுவதும் நன்கொடைச் சட்டத்தில் போய் மாட்டக்கூடும். வழக்கறிஞரோடு ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டண ஒப்பந்தம் போடுவதே பாதுகாப்பு.

மற்ற நாடுகளில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. பஹ்ரைனில் 2002 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்கள் இருக்கின்றன. தலைநகர் மட்டும் 2014-க்குப் பிறகு நியமன வாரியத்தின் கீழ் போயிற்று. ஒரு தெரு வணிகத் தெருவாவது பற்றி அங்கே மன்ற உறுப்பினர்கள் வெளிப்படையாக விவாதிக்கிறார்கள். பஹ்ரைனில் சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க இடம் தரப்பட்டது, வளைகுடாவில் அபூர்வமான சலுகை அது. கத்தாரில் 1999 முதல் 29 பேர் கொண்ட மத்திய நகராட்சி மன்றம் உண்டு. ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும், வாக்கு குடிமக்களுக்கு மட்டும். குவைத்தில் நம்மவர் பெரும்பாலும் வாடகைக்காரர்தான் என்பதால் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது.

மண்ணுக்கு அடியில் நடப்பது

அனுமதி, வகைப்பாடு எல்லாவற்றையும்விட வீட்டுக்கு நேரடியாகச் சேதம் வருவது அடித்தளம் தோண்டும்போது. துபாயின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது. இரண்டு நிலை நிலவறை தோண்ட வேண்டுமானால் குழாய்களைச் சுற்றிலும் இறக்கி இரவு பகலாகத் தண்ணீரை இறைக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது மணல் அமுங்குகிறது. பக்கத்து வில்லாவில் முதலில் சுற்றுச்சுவரில் சாய்ந்த விரிசல், அடுத்து நீச்சல் குளத்து ஓடுகளில் கீற்று, பிறகு கதவு உராய்வது. கேட்டால் ‘இது பழைய விரிசல்’ என்று ஒப்பந்ததாரர் சொல்வார். ஆகவே மண் பரிசோதனை இயந்திரம் வந்த வாரமே உங்கள் வீட்டைத் தனிப் பொறியாளரை வைத்துச் சுவர் சுவராகப் படம் எடுத்துத் தேதியிட்ட அறிக்கை வாங்கி வையுங்கள். விரிசலின் அகலத்தை அளவுகோல் வைத்து எடுங்கள். அந்த அறிக்கையின் ஒரு பிரதியைக் கட்டுகிறவருக்கும் ஆலோசகருக்கும் அனுப்பிவிட்டால், பின்னால் வரும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அண்டை வீட்டுக்காரரின் ஒப்புதலை முறைப்படி கேட்கும் தருணமும் இங்கேதான் வருகிறது. ஆழமான குழியின் சுவர் சரியாமலிருக்க நங்கூரக் கம்பிகளைச் சாய்வாகப் பக்கத்து மனையின் அடியில் செலுத்துவார்கள். அப்படி உங்கள் எல்லைக்குள் வருவதானால் உங்களிடம் என்.ஓ.சி. என்கிற ஆட்சேபமின்மைக் கடிதம் கேட்க வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் ஒரு நாள் சாயங்காலம் மரியாதையாக வந்து, சின்ன ஃபார்மாலிட்டிதான் என்று ஒரு பக்கக் கடிதத்தை நீட்டுவார். நம்மவர் தேநீர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கையெழுத்துதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டு. நிலநடுக்கமானி போல அதிர்வையும் நில அமுங்கலையும் அளக்கும் கருவிகள் உங்கள் சுவரில் பொருத்த வேண்டும், வாரந்தோறும் அளவு தர வேண்டும், சேதமானால் சரிசெய்யும் பொறுப்பும் காப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியும் வேண்டும், சன்னல் மறைப்பும் வாகன நுழைவாயில் மாற்றமும் வேண்டும் என்பதையெல்லாம் இணைப்பாக எழுதி, கட்டுகிறவர் அதில் கையெழுத்திட்ட பிறகே நீங்கள் போடுங்கள்.

கட்டுமான நேரத்தைப் பற்றி ஒன்று. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. அந்தத் தடை அங்கே வெயிலில் நிற்கும் தொழிலாளர்களின் உயிருக்கானது, அவர்களில் கணிசமானோர் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அதனால் வேலை அதிகாலையில் தொடங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அனுமதி இல்லாத நள்ளிரவு வேலையைப் பொறுக்க வேண்டியதில்லை. துபாய் முனிசிபாலிட்டியின் 800900 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய் நிலத்துறையிடம் ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன. வீடு கைமாறும்போது 4 சதவீதப் பதிவுக் கட்டணம் வாங்கும் அந்தத் துறைக்கு, ஒரு மனையின் பயன்பாடோ உயரமோ மாறப்போகிறது என்று எல்லையைத் தொடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது கடினமான காரியமல்ல. 30 நாள் அவகாசத்தில் கருத்து எழுதச் சொன்னால் எந்தத் திட்டமும் நின்றுவிடாது. சன்னலும் நுழைவாயிலும் தண்ணீர் இறைப்பும் பற்றிய பாதித் தகராறுகள் வரைபடத்திலேயே தீர்ந்துவிடும். 2023-ம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்கும்போது இதைச் சேர்க்க வேண்டும் என்று உரிமையாளர் குழுக்களும், வெளிநாட்டு வாங்குவோரில் முன்வரிசையில் இருக்கும் இந்தியச் சமூகத்தின் அமைப்புகளும் எழுதிக் கேட்க வேண்டும். அது வரும்வரை, துபாயில் வீடு பார்க்கப் போகும் தம்பி தங்கையரிடம் சொல்லுங்கள்: முன்பணக் காசோலையை எழுதும் முன் பக்கத்து மனையின் எண்ணை எழுதிக்கொண்டு வரட்டும்.